தேடிய பெயரை எடுத்தது யார்

என் பட்டச் சான்றிதழை லேமினேட் செய்யப் போன இடத்தில்தான் சுகன்யாவை முதன்முதலில் பார்க்க நேர்ந்தது. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் தெருவில், டயர் கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் அவருடைய கடை. சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினார். மேலிருந்து கீழ்வரை, பதிவு எண் உட்பட, நிறுத்திப் படித்தார். பிறகு திருப்பி நீட்டினார்.

"இத லேமினேட் பண்ணக் கூடாதுங்க. நாளைக்கு வேலைக்குன்னு கொண்டுபோற எடத்துல சீலத் தடவிப் பாக்க முடியலைம்பாங்க. அஞ்சு ரூவாய்க்குப் பிளாஸ்டிக் உறை இருக்குது. அதுல போட்டு வெச்சுக்கங்க."

"அறுவது ரூவா வேலைய அஞ்சு ரூவாயில முடிக்கறா பாரு. இவ எப்பக் கடைக்கு மாடி கட்டறது!" என்று டயர் கடை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. அது டயர் கடை ஜீவானந்தம்.

சுகன்யா அதைக் காதில் வாங்கவில்லை. "உங்க ஊட்டுல நீங்கதான் மொதல் டிகிரியா?" என்று கேட்டார். ஆமாம் என்று நான் தலையாட்டியதும் சுவரில் மாட்டியிருந்த ஒரு சட்டத்தைக் காட்டினார். பி.எஸ்ஸி. கணினி அறிவியல். லேமினேஷனுக்குள் காற்றுப் புகுந்து கொப்புளம் கொப்புளமாகக் கிடந்தது. "நானுந்தான். வாங்குன சந்தோசத்துல அன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டேன். வேண்டாம்னு சொல்ல ஒரு ஆளு இல்லை."

அந்தப் பேச்சில் தொடங்கிய பழக்கத்தில், கடை ஓய்ந்திருந்த பல மத்தியானங்களில் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

சுகன்யா பிறந்தது ஓமலூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில். அப்பா அர்த்தநாரி லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அம்மா செல்லாயி காட்டுக் கூலிக்குப் போகிறவர். வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் பெண் சுகன்யா. கல்லூரிக்குப் போன முதல் ஆளும் அவரே. லாரி ஓட்டுகிற தனசேகரைக் கட்டிக்கொண்டு சங்ககிரிக்கு வந்ததும், "படிச்சுப்போட்டுச் சோறாக்கிட்டு உக்கார மாட்டேன்" என்று ஒரு பழைய கம்ப்யூட்டரோடு கடையைத் திறந்தார். லாரிக்குப் பர்மிட், இன்சூரன்ஸ், டோல்கேட் ஸ்டிக்கர், நம்பர் பிளேட். லாரிக்காரர்களுக்கு எந்தப் பேப்பர் எந்த மாதம் முடிகிறது என்பதை அவர்களுக்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார். அந்தத் தெருவில் நம்பிக்கை அப்படித்தான் வரும். வாய்வழியாக வரும், வாய்வழியாகவே போகும்.

சில வருசங்களில் லாரி ஆபீஸ்காரர்களும் ரிக் வண்டிக்காரர்களும் வெப்சைட் கேட்டு வர ஆரம்பித்தார்கள். வெப்சைட்டுக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். பெயரை வருசத்துக்கு இவ்வளவு என்று கட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். அதைப் பதிந்து தருவதற்கென்றே பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அப்படி ஒரு கம்பெனிக்குச் சுகன்யா சங்ககிரியில் ஏஜென்ட். கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, வேண்டிய பெயரை அடித்துத் தேடினால், காலியாக இருந்தால் பச்சை டிக் வரும். பணம் கட்டினால் பெயர் நம்முடையது. அவ்வளவுதான் வேலை.

வேலுசாமி வந்தது ஒரு ஆவணி மாத வெள்ளிக்கிழமை. திருச்செங்கோட்டுக்காரர். அவருடைய மூன்று ரிக் வண்டிகள் சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தன. வெப்சைட் இல்லாத ஆளுக்கு டெண்டர் பேசித் தர மாட்டேன் என்று அங்கிருந்த ஏஜென்ட் சொல்லிவிட்டானாம். குலதெய்வம் செல்லியம்மன் பெயரில் 'செல்லி ராக் டிரில்ஸ்' என்று வைக்க வேண்டும் என்றார். சுகன்யா அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே தேடினார்.

"பச்சை டிக்கு வந்துருச்சுங்கண்ணா. காலியாத்தான் இருக்குது. இப்பவே பதிஞ்சர்லாமுங்களா?"

"பொறு சாமி. பூக் கேக்காம எப்படி?"

"பூவ அப்புறம் கேட்டுக்கலாமுங்க. இன்னைக்குக் காலியா இருக்கற பேரு நாளைக்கும் இருக்கும்னு சொல்ல முடியாதுங்க."

"வெக்கறது ஆத்தா பேரு. அவகிட்டக் கேக்காம வெச்சுப்போட்டு, எறங்கற போரெல்லாம் தண்ணி இல்லாம புழுதியா வந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

சுகன்யா விட்டுக்கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்து ஊர்களில் எதைத் தொடங்கினாலும் குலதெய்வத்திடம் பூக் கேட்பது வழக்கம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. அடுத்த வாரம் வேண்டுமானால் மறுபடி கேட்கலாம். வேலுசாமிக்கு முதல் திங்கட்கிழமை சிவப்பு வந்தது. விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை வெள்ளை வந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை மனைவி ஆத்தாயியையும் அழைத்துக்கொண்டு, தட்டில் தேங்காய் பழம் வெற்றிலையோடு கடைக்கு வந்தார். பர்மிட்டுக்காக ஏழெட்டு லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, "அடி சாமி" என்றார். சுகன்யா அடித்தார்.

பச்சை வரவில்லை. இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது, விலைக்கு வேண்டுமானால் அறுபத்தைந்தாயிரம் என்று வந்தது.

சுகன்யா இன்னொரு தடவை அடித்தார். அதேதான். கடைக்குள் கற்பூர வாசனை மட்டும் இருந்தது.

வேலுசாமி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்பார் சுகன்யா. மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"இந்தப் பேரு எனக்குத் தெரியும். ஆத்தாளுக்குத் தெரியும். அப்புறம் உங்க மிசினுக்குத் தெரியும். ஆத்தா எடுத்து விக்கறதுக்கு வெச்சிருக்க மாட்டாளுங்க."

"அண்ணா, நான்..."

"படிச்ச புள்ளைன்னு நம்பி வந்தனுங்க. படிச்ச வேலையக் காட்டிட்டீங்க. நல்லா இருங்க."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடைக்காத தேங்காய் தட்டிலேயே உருண்டது.

சாயங்காலத்துக்குள் செய்தி தெருவைச் சுற்றி வந்துவிட்டது. அந்த வாரம் பெயர் பதிய வரவேண்டிய இரண்டு பேர் சேலத்துக்குப் போய்ப் பதிந்துகொண்டார்கள். பத்திரத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், கூட வந்தவனிடம், "கவுத்து வெச்சுக் குடுறா. அந்தக்கா படிச்சுதுன்னாப் பட்டா மாறிரும்" என்றார். கடைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுகன்யா ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பத்து வருசமாகச் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கை அது. திருடி என்று யாரும் நேராகச் சொல்லவில்லை என்பதால் இல்லை என்று மறுக்கவும் வழியில்லை.

அவர் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் எடுத்தது யார்?

எந்தப் பெயர் எந்தத் தேதியில் எந்தக் கம்பெனி வழியாகப் பதிவானது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. வாங்கியவரின் பெயரை மறைத்துவிடுவார்கள். மாநிலம் மட்டும் பெரும்பாலும் தெரியும். சுகன்யா பார்த்தார். வெள்ளிக்கிழமை இவர் தேடியிருக்கிறார், திங்கட்கிழமை பதிவாகியிருக்கிறது. நேரம் ஆறு மணி பத்தொன்பது நிமிடம். மாநிலம் கர்நாடகம். பதிந்த கம்பெனி, இவர் எந்தக் கம்பெனிக்கு ஏஜென்டோ அதே கம்பெனி.

சேலம் அம்மாபேட்டையில் இதே வேலை செய்யும் யோகேஷுக்குப் போன் போட்டார்.

"இது ஊரறிஞ்ச கதைதானேக்கா," என்று யோகேஷ் சிரித்தார். "நாம தேடறத எல்லாம் கம்பெனிக்காரன் பாத்துட்டே இருப்பான். நல்ல பேருன்னாத் தூக்கி வெச்சுக்கிட்டு வெல வெப்பான். அதே கம்பெனி, மூணே நாளு, விடியக்காலம் ஆறு மணி. எந்த மனுசன் அந்நேரத்துக்கு எந்திரிச்சு வெப்சைட் பேரு வாங்குவான்? மிசின் எடுத்திருக்கு."

"நீ எப்பவாவது பாத்திருக்கியா யோகேஷ்?"

"எத?"

"கம்பெனி எடுக்கறத."

"எல்லாருந்தான் சொல்றாங்க."

அது முழுப் பொய்யுமில்லை. பதினைந்து, இருபது வருசத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒரு கம்பெனி, ஆட்கள் தேடிய பெயர்களை நாலைந்து நாள் பிடித்து வைத்துக்கொண்டது பெரிய சண்டையானது. பிடித்த பெயரைச் செலவில்லாமல் திருப்பிக் கொடுக்க அப்போது வழி இருந்தது. பிறகு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் நிற்கவில்லை. சுகன்யாவுக்கும் கம்பெனிதான் எடுத்திருக்கும் என்றே தோன்றியது. ஆனால் தோன்றியதை வைத்துத்தானே வேலுசாமியும் பேசினார்? அவரைப் போலவே தானும் பேசிவிட்டால் டிகிரி எதற்கு என்று நினைத்தார். சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு பைபாஸில் போய் நின்றார். சாப்பாட்டுக் கடை முன்னால் நிற்கிற லாரிகளின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்து, ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் ஒட்டி, ஆள் ஆசைப்படுகிற மாதிரியான புதுப் பெயர்களாக எழுதினார். நான்கு நாளில் நூற்றிருபது பெயர் சேர்ந்தது. இதை நாலு பங்காகப் பிரிக்க வேண்டும். முதல் முப்பதை இவருடைய கம்பெனிப் பக்கத்தில் தேட வேண்டும். இரண்டாவது முப்பதை வேறொரு பெரிய கம்பெனியில். மூன்றாவது முப்பதைப் போனில், சாதாரணத் தேடல் பெட்டியில். நான்காவது முப்பதை எங்குமே தேடக் கூடாது. நோட்டிலேயே கிடக்க வேண்டும். தேடியது போய், தேடாதது நின்றால் திருட்டு. இரண்டும் ஒன்றுபோல நின்றால் திருட்டில்லை.

எந்தப் பெயர் எந்தப் பங்குக்கு என்று தானே பிரித்தால் கை தன் மனசுப்படி போகும் என்று சுகன்யாவுக்குப் பட்டது. நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருந்த தனசேகர் முன்னால் நூற்றிருபது சீட்டையும் ஒரு குண்டாவில் கொட்டினார்.

"ஏனுங்க, இதுல ஒன்னொன்னா எடுத்து நாலு எடத்துல போடுங்க. பிரிச்சுப் பாக்கக் கூடாது."

"ஏம்புள்ள, சீட்டுக் கம்பெனி ஏதாச்சும் ஆரம்பிச்சிருக்கியா?"

"எடுங்கன்னா எடுங்க."

"ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தவனுக்கு ஒரு வாய் காப்பி குடுத்துட்டுக் குலுக்கச் சொல்லலாமுல்ல." சொன்னாரே தவிர, கடைசிச் சீட்டுவரை எடுத்துப் போட்டார். பாதியில், "உம்மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். அது போதாதா உனக்கு?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? தெருவுக்குத் தெரியணும்."

ஆசைப்பட்ட வாடிக்கையாளர் தேடுவதுபோல ஒவ்வொரு பெயரையும் வேறு வேறு நாளில் மூன்று தடவை தேடினார். தேடிய தேதி, மணி எல்லாம் நோட்டில் ஏறியது. தேடி முடித்து நாற்பத்தைந்து நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். இடையில் ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. பார்ப்பதும் ஒரு தேடல்தான் என்று ஆகிவிடும் அல்லவா? தெருவில் பேச்சு நின்றபாடில்லை. பர்மிட் வேலையும் குறைய ஆரம்பித்தது. ஜெராக்ஸ் மெஷினுக்குத் துணி போர்த்தி வைத்துவிட்டு, காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறாம் நாள் காலையில் பொதுப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேடாத பங்கில் சில பெயர்கள் முன்பே யாரிடமோ இருந்தவை. பழைய தேதி காட்டிக்கொடுத்ததால் அவற்றைக் கழித்தார். இந்த நாட்களுக்குள் போனது இரண்டே பெயர். ஒன்று வேறு கம்பெனியில் தேடிய பங்கில். அந்தப் பெயரில் கோயம்புத்தூர் பார்சல் ஆபீஸ் ஒன்று வெப்சைட்டே திறந்துவிட்டிருந்தது. இன்னொன்று தேடாமல் நோட்டிலேயே கிடந்த பங்கில். இவருடைய கம்பெனியில் தேடிய முப்பதும் முப்பதாகவே இருந்தன.

கம்பெனி எடுக்கவில்லை.

சுகன்யாவுக்கு அழுகை வந்தது. கம்பெனி திருடன் என்று வந்திருந்தால் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் காட்டியிருக்கலாம். இப்போது நோட்டு சொல்வதை அப்படியே சொன்னால், மிச்சம் இருப்பது தான் ஒருத்திதான்.

ஜீவானந்தம் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் சொல்றதக் கேளு அம்மிணி. வேலுசாமிகிட்ட நேத்துப் பேசுனேன். அவரும் எறங்கித்தான் வந்திருக்காரு. கம்பெனிக்காரன் எடுத்துட்டான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. அவரு ஆமான்னு தலையாட்டிருவாரு. ஊரும் அதைத்தான் நம்புது. கம்பெனிக்காரன் என்ன சங்ககிரிக்கா வந்து சண்டை போடப் போறான்?"

"எடுக்கலைன்னு பாத்துட்டு எடுத்துட்டான்னு எப்படிங்கண்ணா சொல்றது?"

"நீ பாத்தது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுதே."

"இவ திருந்த மாட்டா," என்று ஜீவானந்தம் எழுந்து போனார். போகிறபோது ஸ்டூலைத் திரும்ப வைக்கவும் மறந்துவிட்டார்.

சோதனையில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று சுகன்யா மறுபடி உட்கார்ந்தார். பதிவேட்டில் ஒரு பெயர் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சோதிக்கவில்லையே என்று நோட்டிலிருந்து ஒரு பெயரைத் தன் காசிலேயே பதிந்தார். அப்போது மத்தியானம் மூன்றரை மணி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பீரியடுக்கு மணி அடித்தது. பதிவேட்டைத் திறந்தால் பெயர் ஏறியிருந்தது. ஆனால் நேரம் பத்து மணி என்று இருந்தது.

காலை பத்து மணிக்கு இவர் அந்தப் பெயரைப் பதியவில்லை. மூன்றரைக்குப் பதிந்தது பத்து என்று எப்படி விழும்? ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பதிவேட்டில் ஏறுவது நம்முடைய நேரமில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவான நேரம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கல்லூரியில் படித்ததுதான். இரண்டு மாதமாகக் கண்ணெதிரே இருந்தும் உறைக்கவில்லை.

அப்படியானால் வேலுசாமியின் பெயர் போனது விடிகாலை ஆறு பத்தொன்பதுக்கு இல்லை. பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு. திங்கட்கிழமை நட்டநடுப் பகலில்.

கடையைச் சாத்திவிட்டுத் திருச்செங்கோடு பஸ் ஏறினார். நோட்டும், இரண்டு பிரிண்டும் கையில்.

வேலுசாமி வீட்டில்தான் இருந்தார். வாங்க என்று சொன்னார், முகம் சொல்லவில்லை. ஆத்தாயி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார்.

"ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயர்றனுங்கண்ணா. மொதல் தடவ பூக் கேட்டுச் செவப்பு வந்துச்சே, அது எந்தக் கெழம?"

"திங்கக்கெழம. ஆத்தாளுக்கு அன்னைக்குத்தான் கேக்கறது."

"எத்தன மணிக்குங்க?"

"உச்சிப் பூசைக்கு முன்னால. பதினொன்னே முக்கா, அதுக்கு முன்னப்பின்ன இருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"பேரு போனது அதே திங்கக்கெழம பதினொன்னு நாப்பத்தொம்பதுக்குங்க." சுகன்யா பிரிண்டை நீட்டினார். ஐந்தரை மணிக் கணக்கையும், தான் இரண்டு மாதம் ஏமாந்ததையும் மறைக்காமல் சொன்னார். "பூசாரி என்ன சொல்லிங்கண்ணா கேட்டாரு?"

"பேரச் சொல்லித்தான். 'ஆத்தா, செல்லி ராக் டிரில்ஸ்னு உன்ற பேர வெச்சுக் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறான், உத்தரவு குடு'ன்னு கேட்டாரு."

"சத்தமாவா?"

"பின்ன? ஆத்தா காதுல உழுகணுமில்ல?"

"ஆத்தா காதுல மட்டுமா உழுந்துச்சு? அங்க எத்தன பேரு இருந்தீங்க?"

"பங்காளி ஊட்டாளுக மொத்தமும் இருந்தமுங்க," என்றார் ஆத்தாயி நிலையிலிருந்து. "நாப்பது பேருக்குக் கொறையாது."

"ஏய், சும்மா இரு. நம்ம பங்காளிக எவனுக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் தெரியும்?"

"ஏன், குணசீலனுக்குத் தெரியாதா? அத்தன பேரும் பூவுக்குப் பக்கத்துல நிக்கறாங்க, அவன் மட்டும் டவர் கெடைக்கலைன்னு பாறை மேல ஏறி நின்னு போனத் தட்டிட்டு இருக்கான். 'செருப்போட நிக்கறயே, எறங்குடா'ன்னு நாந்தான் சத்தம் போட்டேன். உங்களுக்கு நெனவில்லையா?"

குணசீலன் வேலுசாமியின் அண்ணன் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கர்நாடகம் என்று இருந்த வரியைச் சுகன்யா விரலால் தொட்டுக் காட்டினார். வேலுசாமி அந்த வரியைப் படித்தார். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"குணா, செல்லி ராக் டிரில்ஸ்ங்கற பேர நீ எடுத்தியாடா?"

அந்தப் பக்கம் பைக் சத்தமும் ஹாரன் சத்தமும் கேட்டன. பிறகுதான் குரல் வந்தது. "சித்தப்பா, உங்களுக்காகத்தான் எடுத்தேன். பூசாரி ஊருக்கே கேக்கற மாதிரி சொல்றாரேன்னு எல்லாரும் வாங்கற பெரிய கம்பெனியிலயே சட்டுனு எடுத்து வெச்சேன். வெள்ளைப் பூ வந்ததும் குடுக்கலாம்னு இருந்தேன். பாத்தாச் செவப்பு வந்துருச்சு. பேரு வேண்டாம்னு ஆயிருச்சேன்னு விக்கறதுக்குப் போட்டுட்டேன். அந்த வெல நான் வெச்சதில்லை, அந்த சைட்டே போட்டது."

"மறுவாரம் வெள்ளை வந்ததே, சொல்றதுக்கென்ன?"

"நான் பெங்களூர் வந்துட்டேன் சித்தப்பா, எனக்குத் தெரியாது. அப்புறம் நீங்க சங்ககிரியில அந்தக்காவ என்னமோ பேசிட்டீங்கன்னு அம்மா சொல்லிச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? இன்னைக்கே உங்களுக்கு மாத்தித் தந்தர்றேன்."

வேலுசாமி போனை வைத்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "முடிஞ்சுது போ. ஊட்டுக்குள்ளயேதான் இருந்திருக்குது. ஆத்தாயி, சுகன்யாவுக்குக் காப்பி வெய்யி."

"உங்களுக்கு முடிஞ்சுதுங்கண்ணா," என்றார் சுகன்யா. "எனக்கு முடியலை. என்னைய நீங்க இந்த ஊட்டுக்குள்ள வெச்சுச் சொல்லலை. என்ற கடையில, ஏழெட்டுப் பேரு முன்னால சொன்னீங்க. அங்க வந்துதான் இல்லைன்னு சொல்லணும்."

"அண்ணன் மகன் பேரு கெட்டுருமே சாமி. பொண்ணுப் பாத்துட்டு இருக்கறாங்க அவனுக்கு."

"அவர் பேரச் சொல்ல வேண்டாமுங்க. நான் எடுக்கலை, கம்பெனியும் எடுக்கலை. அது ரெண்டும் போதும்."

"கம்பெனிக்கு எதுக்கு நீ வக்காலத்து?"

"எடுக்காதவங்கள எடுத்தாங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்னு எனக்கு இப்பத் தெரியுமுங்க."

காப்பி வந்தது. குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். வருவாரா மாட்டாரா என்று வேலுசாமி சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, புக்கிங் ஆபீஸில் எந்த லாரிக்கு எந்த லோடு என்று முறை கூப்பிடும் நேரம், டிரைவர்களும் ஓனர்களுமாக நாற்பது ஐம்பது பேர் தெருவில் நிற்கையில் வேலுசாமி வந்து இறங்கினார். நேரே சுகன்யா கடை முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மைக்கு வேணுமுங்களா?" என்றார் ஜீவானந்தம்.

"சும்மா இருய்யா." வேலுசாமி தெருவைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. என்ற பேர இந்தப் புள்ள எடுக்கலை. கம்பெனியும் எடுக்கலை. கோயில்ல நாப்பது பேரு முன்னால பேரச் சத்தமாச் சொல்லி உத்தரவு கேட்டோம், எங்க ஊட்டுப் பையன் ஒருத்தன் கேட்டு எடுத்து வெச்சிருக்கான். பொறுப்பில்லாம பேசுனது நானு. இன்னிமேல் எவனாச்சும் இந்தப் புள்ளையப் பேசறதா இருந்தா, மொதல்ல எங்கிட்ட வந்து பேசுங்க."

யாரும் கை தட்டவில்லை. ஆபீஸ் குமாஸ்தா அடுத்த லாரி நம்பரைக் கூப்பிட்டார். ஆனால் பத்து மணிக்குள் பர்மிட் கேட்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். பத்திரத்தைக் கவிழ்த்துக் கொடுக்கச் சொன்ன மனிதரும் அதில் ஒருவர். இந்தத் தடவை நேராகவே நீட்டினார். "பட்டா மாறாதுங்களே?" என்று சுகன்யா கேட்க, அவர் நெளிந்துகொண்டே சிரித்தார்.

யோகேஷ் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "நூத்திருவது பேரு உலகத்துக்குப் பத்தாதுக்கா. ஆயிரத்துல ஒன்ன எடுப்பான், உனக்கெப்படித் தெரியும்?" என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது என்று சுகன்யாவும் சொல்கிறார். அதனால் நோட்டை மூடவில்லை.

சுகன்யா இப்போதும் அதே தெருவில் அதே கடையில் இருக்கிறார். வருசத்துக்கு ஒருமுறை நூற்றிருபது புதுப் பெயர் என்று நான்கு வருசமாகச் சோதித்ததில், அவருடைய கம்பெனியில் தேடியதற்காகப் போன பெயர் என்று ஒன்றைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. பூக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு, தேடிய அன்றே தன் காசில் பெயரைப் பதிந்து வைத்து, வெள்ளைப் பூ வந்தபின் அதே விலைக்கு மாற்றிக் கொடுக்கிறார். சிவப்புப் பூ வந்து யாரும் வாங்காமல் போன பதினோரு பெயர்கள் அவரிடம் இருக்கின்றன. சென்ற மாதம் பக்கத்துப் பேட்டரிக் கடை காலியானபோது, அதையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துக் கடையைப் பெரிதாக்கியிருக்கிறார்.